பட்டம் தீவில்; பதிவு கடலுக்கு அப்பால்

புதுதில்லி: வருகைப் பதிவு குறைவு என்ற காரணத்தைக் காட்டிச் சட்டக் கல்லூரி மாணவர் எவரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருகை தொடர்பான விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு இந்திய பார் கவுன்சிலையும் அது கேட்டுக்கொண்டது. தலைநகரின் தனியார் கல்லூரி மாணவர் ஒருவர் 2016-ல் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவத்திலிருந்து எழுந்த வழக்கு என்பதால், தீர்ப்பைப் பற்றிய விவாதமும் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே நடந்தது. மெட்ரோ ரயிலில் ஏறி ஒரு மணி நேரத்தில் கல்லூரிக்குப் போய்ச் சேரும் மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள், வங்கக் கடலின் நடுவே இருக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளில் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டவர்கள் குறைவு.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் மத்திய அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டியது) ஏறத்தாழ 1,200 கி.மீ. கொல்கத்தாவிலிருந்து சற்றே அதிகம். கப்பலில் சென்றால் மூன்று நாள் பயணம். போர்ட் பிளேரில் 2016-ல் அந்தமான் சட்டக் கல்லூரி தொடங்கப்படும்வரை, வக்கீல் ஆக விரும்பிய தீவுவாசி இந்தக் கடலைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது. அஞ்சல் வழியில் படிக்கலாம் என்றால், அப்படிப் பெறும் சட்டப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்பதில்லை. ஊரில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர வகுப்பில் படிக்கும் வழியும் அநேகமாக அடைபட்டுவிட்டது. 2008-ம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின்படி, முழு உறைவிடக் கல்லூரியாக இல்லாத இடங்களில் காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் வகுப்புகள் நடத்தப்பட வேண்டும். நிலையான வேலை என்றால் பெரும்பாலும் அரசு வேலைதான் என்றிருக்கும் தீவுகளில், குமாஸ்தாவாகப் பணிபுரிந்தபடி சட்டம் படிப்பது என்பது இந்த விதியோடு கனவாகிவிட்டது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட அந்தமான் கல்லூரி, பட்டப் படிப்பைப் பொருத்தவரை கடல் பயணத்தைத் தவிர்த்திருக்கிறது. இது சிறிய சாதனை அல்ல. ஆனால் வழக்கறிஞர் ஆவதற்குப் பட்டம் முதல் படி மட்டுமே. அடுத்து வரும் படிகளிலும், சொல்லப்போனால் பட்டப் படிப்பிலேயேகூட, தூரம் வேறு வடிவங்களில் குறுக்கே நிற்கிறது.

தீவுக்குள்ளும் தூரம்

வடக்கே திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாலை வழியே 300 கி.மீ.க்கு மேல். அந்தமான் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்கிறது. அதை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. குறிப்பிட்ட நேரங்களில், காவலுடன், வரிசையாகவே வாகனங்கள் அனுப்பப்படுகின்றன. வழியில் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையைக் கடக்கப் பேருந்தையே படகில் ஏற்ற வேண்டும். தெற்கே கிரேட் நிகோபாரின் கேம்பல் பே, கடல் வழியே 500 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. கார் நிகோபாரிலிருந்தும் கப்பல்தான். ஹெலிகாப்டர் உண்டு, இடம் கிடைப்பது அரிது. இந்த ஊர்களின் மாணவர் தினமும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்ட் பிளேரில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்புவது கடலின் நிலையைப் பொறுத்தது.

ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வகுப்புகளுக்கு மாணவர் வந்திருக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அசாதாரணக் காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் 65 சதவீதமும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 சதவீதமும் வந்தவரைக் கல்லூரி முதல்வர் அனுமதிக்கலாம். அவர்களின் பட்டியலை பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். சிக்கல் அந்த 'அசாதாரணம்' என்ற சொல்லில் இருக்கிறது. பருவமழைக் காலத்தில் கப்பல் ரத்தாவது தில்லியிலிருந்து பார்த்தால் அசாதாரணம். கேம்பல் பே மாணவருக்கு அது ஆண்டுதோறும் வரும் சங்கதி. அவருக்குச் சலுகை ஒருமுறை கிடைக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் அதே காரணத்தை எழுதிக்கொண்டிருக்க முடியுமா? சட்டக் கல்லூரிகளில் விரல்ரேகை வழி வருகைப் பதிவும் கண்காணிப்புக் கேமராவும் வைக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. கல்லூரிக்கு வராமலே பட்டம் வாங்கும் முறைகேட்டைத் தடுக்க அது தேவையாக இருக்கலாம். கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்திருப்பவரையும் ஊர் சுற்றுபவரையும் அந்த இயந்திரம் பிரித்தறியாது.

பயிற்சி விதியின் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்கள் வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திலோ பிற சட்ட அமைப்புகளிலோ பயிற்சி பெற வேண்டும். ஆனால் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் கூடாது. வகுப்புகள் கெடாமல் இருக்க ஏற்படுத்தப்பட்ட நல்ல கட்டுப்பாடுதான். நகரத்து மாணவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தீவு மாணவர் இந்தப் பயிற்சியைக் கொல்கத்தாவிலோ சென்னையிலோ பெற விரும்பினால், குறைந்தது ஐந்து முறை போய்வர வேண்டும். ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள விதி இடம் தரவில்லை.

போர்ட் பிளேரிலேயே பயிற்சி பெறலாமே என்று கேட்கலாம். பெறலாம். மாவட்ட நீதிமன்றம் அங்கே உள்ளது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வும் அங்கே கூடுகிறது. நீதிபதிகள் முறைவைத்து வந்து செல்கிறார்கள். ஆனால் தீவுகளின் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு இருப்பது கொல்கத்தாவில். கிரேட் நிகோபாரில் துறைமுகமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்ட பின்னர் எழுந்த வழக்குகள் அந்தத் தீர்ப்பாயத்துக்கும் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும்தான் சென்றன. தீவின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய அத்தகைய வழக்குகள் நடக்கும் முறையைப் பழக, தீவு மாணவர் கப்பல் ஏறத்தான் வேண்டும்.

கட்டணம் 750, வழிச்செலவு?

பட்டம் பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டும். 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 3-வது பிரிவில், மேற்கு வங்கத்துக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சிலை ஏற்படுத்தியது. அதன் பெயர் மேற்கு வங்க பார் கவுன்சில். பெயரில்கூடத் தீவுகள் இல்லை. (லட்சத்தீவுக்கும் இதே கதிதான்; அது கேரள பார் கவுன்சிலில் அடக்கம்.) பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்த மாநில பார் கவுன்சில்களுக்கு அது கடிவாளம். ஆனால் நிகோபாரிலிருந்து கொல்கத்தாவுக்கு நேரில் செல்ல நேரும் பழங்குடி இளைஞருக்கு 125 ரூபாய் ஒரு பொருட்டா? விமானக் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு.

முன்பு ஒரு கட்டத்தில் நிலைமை இதைவிடக் கடுமையாகியிருக்கும். பதிவுக்கு முன் ஓராண்டு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும் என 1995-ல் பார் கவுன்சில் விதி வகுத்தது. அதற்கு பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நீதிபதி பதவி என்றால் கதை வேறு. தீவுகளின் நீதிமன்றங்களுக்கு மேற்கு வங்க நீதிப்பணியிலிருந்து அதிகாரிகள் அனுப்பப்படுவதே வழக்கம். அந்தப் பணித் தேர்வுக்கு வங்க மொழி எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மட்டும் விலக்கு. தீவுகளின் மக்கள்தொகையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15 சதவீதம். தெலுங்கு, நிகோபாரி பேசுவோரும் கணிசம். இவர்களில் நீதிபதி ஆக விரும்புபவர் முதலில் வங்க மொழி கற்க வேண்டும். அதற்கும் மேலாக, கீழ்நிலை நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஏறக்குறைய 3.8 லட்சம் மக்கள் கொண்ட தீவுகளில் வழக்குகள் எத்தனை இருக்கும், புதிய வக்கீலுக்கு அந்த மூன்றாண்டில் என்ன வருமானம் கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம்.

திருத்தத்துக்கு இடம் எங்கே?

மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004-ல் அமைந்தபோது, கன்னியாகுமரிக்காரர் வழக்குக்காகச் சென்னைவரை அலையும் அவலம் தீர்ந்தது. வடக்கு வங்கத்துக்கு ஜல்பைகுரியில் 2019-ல் சுற்று அமர்வு வந்தது. போர்ட் பிளேருக்கும் நீதிபதிகள் கடல் கடந்து வருகிறார்கள். நீதிமன்றமே வரும்போது, பதிவுக் குழு வர முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

முடியாது என்கிறது சட்டம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 10-ஏ பிரிவு, மாநில பார் கவுன்சில் தன் தலைமையகத்தில் மட்டுமன்றி, காரணத்தைப் பதிவு செய்துவிட்டு வேறு இடத்திலும் கூட அனுமதிக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் இடக் கட்டுப்பாடு இல்லை. மற்ற குழுக்கள் தலைமையகத்தில்தான் கூட வேண்டும். பதிவுக் குழு அந்த 'மற்ற' குழுக்களில் ஒன்று. அதாவது, தவறு செய்த வக்கீலை விசாரிக்கக் குழு போர்ட் பிளேருக்கு வரலாம். புதிதாக வக்கீல் ஆக விரும்புபவரின் விண்ணப்பத்தைப் பார்க்க வரக் கூடாது.

வருகை விதியையும் நான்கு வாரப் பயிற்சி வரம்பையும் பார் கவுன்சில் தானே மாற்றிவிடலாம். 10-ஏ பிரிவை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். அந்தமானுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் இடமும் இல்லை. மக்களவையில் இருப்பது ஓர் உறுப்பினர். 1967 தேர்தல்வரை அவரும் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவர்தான். வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்த 2025 பிப்ரவரியில் மத்திய சட்ட அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதாமீது எழுந்த சர்ச்சை, வேலைநிறுத்தத் தடை, வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள், பார் கவுன்சிலில் அரசுப் பிரதிநிதிகள் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அதே மாதம் 22-ம் தேதி கருத்துக் கேட்பு நிறுத்தப்பட்டு, வரைவு திருத்தி மீண்டும் வெளியிடப்படும் என அறிவிக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு 10-ஏ பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் சேர்த்துக்கொள்ளுமாறு கோர வேண்டிய பொறுப்பு, நடைமுறையில், அந்த ஒற்றை உறுப்பினரின் தோளில் விழுகிறது.