பாடியவரைத் தெரியும், எழுதியவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

மீலாத் விழாவை ஒட்டிப் பாடசாலையில் இஸ்லாமியப் பாடல் போட்டி வைத்தோம். விண்ணப்பத் தாளில் 'பாடல்', 'இயற்றியவர்' என்று இரண்டு கட்டங்கள் போட்டிருந்தோம். திரும்பி வந்த தாள்களில் முக்கால்வாசியில் இயற்றியவர் என்ற இடத்தில் 'நாகூர் ஹனிபா' என்றே எழுதியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. சரியான பெயரைப் போட்டுத் திருத்துவோம் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால், பாதிப் பாட்டுக்கு எங்களுக்கே விடை தெரியவில்லை.

ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தரம் 6 பிள்ளை ஒன்று, 'இயற்றியவர்: எங்கள் உம்மும்மா' என்று எழுதியிருந்தது. அது ஒரு தாலாட்டு. கலிமாவும் நபிமார் பெயர்களும் வரும் தாலாட்டு என்று பிள்ளை சொன்னது. அச்சில் வந்த பாட்டுத்தான் வேண்டும், வேறு ஒன்றைத் தெரிவு செய் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். பிள்ளை ஹனிபாவின் பாட்டொன்றைப் பாடியது, நன்றாகவே பாடியது. அடுத்த வருடம் அந்த உம்மும்மா மவுத்தாகிவிட்டார். பிறகு கேட்டபோது பிள்ளைக்கு நாலு வரிதான் ஞாபகம் இருந்தது. மிச்சம் போய்விட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்த உறுத்தல்தான்.

தமிழில் மிகச் சிறந்த பாடலாசிரியர் யார் என்ற வாதம் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஓயாது. கண்ணதாசன் என்பார் ஒருவர், வாலி என்பார் இன்னொருவர். 1959 இல், 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். எல்லாம் நல்ல வாதம்தான். ஆனால் படத்தின் எழுத்தோட்டத்தில் பெயர் வந்தவர்கள் மட்டுமே இந்தப் பந்தியில் உட்காருகிறார்கள். நம் வீட்டுக்குள் புகுந்து நம் வாயில் தங்கிவிட்ட பாட்டுக்களை எழுதிய பலருக்கு அங்கே பாயே விரிக்கவில்லை.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலை எடுங்கள். முஸ்லிம் வீடுகளில் மட்டுமா அது ஒலிக்கிறது? கோயில் திருவிழாவிலும் கிறிஸ்தவர் வீடுகளிலும் போடுகிறார்கள். எந்த மதத்தவரும் தன் பிரார்த்தனையாக எடுத்துக்கொள்ளக் கூடிய சொற்களில் அது அமைந்திருப்பதுதான் காரணம். அந்தச் சொற்களைத் தேர்ந்தவர் கிளியனூர் அப்துல் சலாம். நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? ஹனிபாவுக்குப் பாட்டெழுதிய நாகூர்க்காரர்களான புலவர் ஆபிதீனையும் கவிஞர் சலீமையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

சினிமாவிலும் இதே கதைதான். 'முதலாளி' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய அந்த ஏரிக்கரைப் பாட்டை முணுமுணுக்காத பழைய தலைமுறை உண்டா? எழுதியவர் கவி கா.மு. ஷெரீப். நம் சமூகத்தவர் என்று பெருமைப்படவாவது அந்தப் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

இன்னும் பின்னே போனால் குணங்குடி மஸ்தான் சாஹிப். 1792 இல் பிறந்து 1838 இல் மறைந்தவர். பக்கீர்மார் தாயிரா தட்டிப் பாடிய பாட்டுக்களில் எத்தனையோ அவருடைய கண்ணிகள். நோன்பு இரவில் சஹருக்கு எழுப்ப வந்த பாவாவின் குரல் நமக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டு யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கண்டிப் பக்கம் தெல்தோட்டை போப்பிட்டியில் 1866 இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் நமக்கு அடுத்த ஊர்க்காரர். அவருடைய பெயரை நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?

'ஹனிபாவின் குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு மாத்தளை வரை வந்திருக்குமா, சேர்?' என்று ஒரு பழைய மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. வந்திருக்காது. 2015 இல் அவர் மறைந்தபோது அழுதவர்களில் நாங்களும் உண்டு. ஆனால் குரலுக்கு நன்றி சொல்வதற்காகச் சொல்லை மறக்க வேண்டியதில்லை. வங்காளத்தைப் பாருங்கள். காஸி நஸ்ருல் இஸ்லாம் 1931 இல் எழுதிய பெருநாள் பாட்டை அப்பாசுத்தீன் அஹ்மத் பாடினார். இன்றும் நோன்புப் பெருநாள் பிறை கண்டதும் பங்களாதேஷில் அது ஒலிக்கிறது. அவர்கள் அதை நஸ்ருலின் பாட்டு என்றுதான் சொல்கிறார்கள். அதனால் பாடியவர் புகழ் குறைந்துவிடவில்லை.

இன்னொரு நண்பர் வேறு விதமாகச் சொன்னார்: 'அவர்கள் அல்லாஹ்வுக்காக எழுதினார்கள், பெயரை எதிர்பார்க்கவில்லை.' பெயரை எதிர்பார்க்காதது அவர்களுடைய இஹ்லாஸ். மறந்துவிட்டது நம்முடைய அலட்சியம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி சொன்னவராக மாட்டார் என்ற கருத்தில் ஹதீஸ் இருப்பது நமக்குத் தெரியும். ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) கவி சொல்வதற்காகப் பள்ளியில் மிம்பர் வைத்துக் கொடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். இசை கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை உலமாக்களிடமே விடுவோம். இங்கே பேச்சு கவிஞரின் பெயரைப் பற்றியது.

யோசித்துப் பார்த்தால், இது நமக்குக் கஷ்டமான வேலையே அல்ல. ஒரு செய்தியைக் கேட்டால் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசை பார்த்து வளர்ந்த சமூகம் நாம். ஒவ்வொரு ராவியின் பெயரையும் ஊரையும் நம்பகத்தையும் எழுதி வைத்தவர்களின் வாரிசுகள். அந்தப் பழக்கத்தில் ஒரு துளியைப் பாட்டின் பக்கம் திருப்பினால் போதும்.

நாட்டார் பாட்டுக்கு அதுதான் சரியான வழியும் கூட. தாலாட்டை யார் முதலில் கட்டினார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாய் கட்டியதை மகள் மாற்றினாள், பேத்தி இரண்டு வரி கூட்டினாள். எல்லோரும் ஆசிரியர்கள்தான். ஆனால் நாம் யாரிடம் கேட்டோம், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதலாம் அல்லவா? அந்தப் பிள்ளை 'எங்கள் உம்மும்மா' என்று எழுதியது, எங்களைவிடச் சரியான பதில்.

நம் மாவட்டத்தில் இது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய கவலையும் அல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை இல்லை. அந்தத் துயரத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னது லயத்துப் பாட்டுக்கள்தான். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்காவிட்டால் இன்று பாதியும் மிஞ்சியிராது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், சனங்களுக்குப் பழக்கமான மெட்டுக்களில் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதி, கூட்ட மேடைகளில் தாமே பாடினார். 1940 இல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். மிகச் சிறந்த பாடலாசிரியர் பட்டியலில் அந்த அம்மையாருக்கு இடமில்லையென்றால் பட்டியலில்தான் பிழை.

கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் தொகுத்துத் தந்தார். உக்குவளை, வரக்காமுறை, றத்தோட்டை, கலேவெல என்று நம் ஊர்களில் இருக்கும் உம்மும்மாமாரின் பாட்டுக்களை யார் எழுதுவது? தொகுக்க வருபவருக்காகக் காத்திருந்தால் பாட மிஞ்சியவர் இருக்க மாட்டார்.

இதில் சட்டமும் நம் பக்கம்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் படைப்போடு தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையை ஆக்கியவருக்குக் கொடுக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் பள்ளி மேடையில் ஒரு பெயரைச் சொல்லச் சட்டமா வந்து நிற்க வேண்டும்?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, பாடசாலை, அஹதிய்யா, மத்ரஸா எதுவானாலும், பாட்டு அறிவிக்கும்போது பாடியவரோடு எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தேடிவிட்டு மேடை ஏறுங்கள். இரண்டு, போட்டியில் 'வீட்டுப் பாட்டு' என்று ஒரு பிரிவு வையுங்கள். வாப்பும்மாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்டுப் பாட வேண்டும். கேட்ட இடத்தைச் சொன்னால் அதற்கும் புள்ளி. அடுத்த போட்டியில் நாங்கள் இதைக் கட்டாயம் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். மூன்று, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போனை நீட்டி ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். தொண்டை அடைத்தாலும், நடுவில் வரி மறந்தாலும் பரவாயில்லை. முடிவில் அவருடைய பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். தோட்டத்து நண்பர்களும் சிங்களச் சகோதரர்களும் தங்கள் வீட்டில் இதையே செய்யட்டும்.

அந்தப் பிள்ளை சொன்ன நாலு வரியையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். மேலே பிள்ளையின் உம்மும்மா பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே நிறையப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு தாலாட்டு தெரிந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம்.