காவல்காரனைச் சாய்க்கும் இரண்டு கூட்டாளிகள்!

"ஒரு கட்டிங், கூட ஒரு சிகரெட். இதுல என்ன சார் வந்துடப் போவுது? எங்க பரம்பரையிலயே யாருக்கும் புற்றுநோய் கிடையாது!"

சாயந்திரம் கடை சாத்திவிட்டும், ஆபீஸ் விட்டும் வருகிறவர்கள் பலர் பேசும் பேச்சு இது. பாரிமுனையிலும் கேட்கலாம், தாம்பரத்திலும் கேட்கலாம்.

இது தப்புக் கணக்கு. வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. அங்கே கெட்டுப்போகும் மரபணு, தாத்தா கெடுத்துக் கொடுத்ததல்ல. காசு கொடுத்துக் கடையில் வாங்கிக் கெடுத்துக்கொண்டது!

காவல்காரன்

மனிதனின் செல்களில் 'பி-53' என்றொரு மரபணு இருக்கிறது. ராத்திரி ரோந்து போகும் காவல்காரன் மாதிரி. செல்லில் பழுது கண்டால், சரி செய்யும் வரை அதைப் பெருகவிடாமல் தடுக்கும். சரி செய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே ஒழித்துக்கட்டும். காவல்காரன் விழுந்துவிட்டால் கெட்ட செல்கள் கேட்பாரின்றிப் பெருகும். கட்டி வளரும்.

அவனை அடிப்பது யார்? சிகரெட், பீடிப் புகையின் நச்சு மரபணுவில் ஒட்டிக்கொண்டு அதை மாற்றிவிடுகிறது. மது, உடம்புக்குள் 'அசிட்டால்டிஹைடு' என்ற நச்சாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. அதோடு விடவில்லை. வாயின் உள்தோல் வழியாகப் புகையின் நச்சு சுலபமாக இறங்கவும் மது வழி செய்கிறது. ஒருவன் கதவைத் திறந்துவிட, இன்னொருவன் உள்ளே புகுந்து அடிக்கிறான்!

58 - 33 - 17

1995-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 129 பேரின் கட்டிகளைச் சோதித்தார்கள். புகையும் குடியும் சேர்ந்திருந்தவர்களில் 100-க்கு 58 பேருக்கு பி-53 கெட்டிருந்தது. புகை மட்டும், குடி இல்லை என்றவர்களில் 33. இரண்டுமே இல்லாதவர்களில் 17.

பழக்கமே இல்லாதவருக்கும் இந்த நோய் வரலாம். உண்மைதான். ஆனால் இரண்டும் கைகோத்தால் காவல்காரன் பாடு என்ன என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

பாதி எச்சரிக்கை

சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் பெரிதாக இருக்கிறது. மது பாட்டிலில்? உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பதோடு சரி. மது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது 1988-லேயே! இத்தனை வருஷம் கழித்தும் பாட்டிலில் அந்தச் சொல் ஏறவில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைக் கடையில் மது விற்பது அரசின் டாஸ்மாக். விற்கிற கைக்கு, உள்ளதைச் சொல்லும் கடமை இல்லையா?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டையும் விட்டால் வருஷம் போகப் போக ஆபத்து குறையும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மாறாத குரல் கம்மல், கழுத்தில் கட்டி - இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சீக்கிரம் கண்டால் பிழைக்க வழி உண்டு.

அடுத்த 'கட்டிங்'குக்குக் கை நீட்டும் முன், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைப்பார்களா?