அறுந்தது கயிறு அல்ல: வடக்குக் கரையில் ஒரு நங்கூரச் சங்கிலியின் கதை

டித்வா புயல் கடந்து சில வாரங்களின் பின் மயிலிட்டிக்குப் போயிருந்தேன். துறைமுகச் சுவரோரம் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயா, சேதம் பற்றி நான் கேட்டதும் எழுந்துபோய், படகுக்குள் கிடந்த சங்கிலித் துண்டொன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். நான்கு வளையங்கள். மூன்று முழுசாக இருந்தன. நான்காவது வளையம் பொருத்து வாயில் விரிந்து, உள்ளே கறள் பொடியாய் உதிர்ந்தது.

"கயிறு அறுகேல்லைப் பிள்ளை. எல்லாரும் கயிறெண்டுதான் எழுதினவை. விட்டது இதுதான்."

அவருடைய மகனின் படகு அன்றிரவு கல்லில் அடிபட்டு அடிப்பக்கம் பிளந்தது. மனைவியின் நகையை வங்கியில் வைத்து வாங்கிய படகு. சங்கிலியை யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக் கடையில் வாங்கியிருக்கிறார்கள். "கல்வனைஸ் சங்கிலி, கடலுக்கு நல்லது" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. கல்வனைஸில் இரண்டு வகை இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

புயலுக்குப் பிந்திய நிவாரணக் கணக்குகளில் படகு, இயந்திரம், வலை என்ற மூன்றையும்தான் பேசுகிறோம். அந்தப் படகைக் கரையில் பிடித்துவைத்திருக்கும் பொருளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அந்த நான்கு வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியதில் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உருக்குக்கு மேல் நாகம் பூசுவதுதான் கல்வனைஸ். உப்புத் தண்ணீர் முதலில் நாகத்தைத் தின்னும், அது தீரும்வரை உருக்கு தப்பியிருக்கும். ஆகவே எவ்வளவு தடிப்பாக நாகம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சுமார் 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்துக்குள் சங்கிலியை முக்கி எடுத்தால் 50 மைக்ரோனுக்கு மேல் தடிப்பான படை ஏறும். மின்சாரத்தால் பூசினால் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன்தான். முதலாவது கடலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இரண்டாவது ஒரு வாடையைத் தாண்டினாலே பெரிய காரியம். ஆனால் கடைப் பலகையில் பளபளவென்று கண்ணைப் பறிப்பது இந்த இரண்டாவதுதான். முக்கி எடுத்த சங்கிலி மங்கிய சாம்பல் நிறத்தில், தடவினால் சற்றுச் சொரசொரப்பாக, பழைய சாமான் போல இருக்கும். நம்முடைய ஆட்கள் பளபளப்பானதை எடுப்பதில் என்ன ஆச்சரியம்?

இதைவிட ஆபத்தானது மஞ்சள் சங்கிலி. லொறிகளில் மரமும் இயந்திரமும் கட்டிவரும் தரம் 70 சங்கிலி அது. 10 மி.மீ. தடிப்பில் ஏறத்தாழ 3 தொன் வேலைச்சுமை தாங்கும். அதே தடிப்பில் சாதாரண தரம் 30 சங்கிலிக்கு 1.2 தொன்தான். "பலமானதைப் போட்டேன்" என்று ஒரு தொழிலாளர் பெருமையாகக் காட்டினார். தரையில் சுமை கட்ட அதைவிட நல்லதில்லை, உண்மை. ஆனால் அந்த மஞ்சள் மெல்லிய பூச்சு; கடலுக்காகப் பூசியதல்ல. அதை எடுத்துப்போய் நாகத்தில் முக்கலாம் என்றாலும் சரிவராது. அந்த உருக்கின் பலம் சூடேற்றிப் பதப்படுத்தியதால் வந்தது, உருகிய நாகத்தின் சூடு அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். நங்கூரத்துக்கு முக்கிப் பூசிய தரம் 30 போதும், வசதியிருந்தால் தரம் 43. வளையத்தில் இலக்கம் குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலக்கமே இல்லாத சங்கிலிக்குக் கடைக்காரரின் வாய் மட்டுமே உத்தரவாதம். நான் போன கடைகளில் ஒன்றிலாவது இலக்கம் குத்திய சங்கிலி இருக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்தைக் கப்பியில் தூக்க இதே தரம் 30 சங்கிலியைப் பாவிப்பதைக் கண்டேன். ஆள் தலைக்கு மேல் பாரம் தூக்கவென்று தரம் 80 கலப்புலோகச் சங்கிலி தனியாக இருக்கிறது. கீழே நின்ற பொடியனிடம் சொன்னேன், சிரித்தான்.

முல்லைத்தீவுப் பக்கம் வேறு கதை. மீள்குடியேறியபோது கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் பழைய இரும்பு வாங்குபவர்களிடம் கிலோக் கணக்கில் சங்கிலி வாங்கினார்கள். எரிந்த வாகனங்களிலிருந்தும் உடைந்த கலங்களிலிருந்தும் வந்த சங்கிலி. நாகம் 419 பாகையில் உருகிவிடும். நெருப்புக்குள் கிடந்த சங்கிலியில் பூச்சும் மிஞ்சாது, பதமும் மிஞ்சாது. பார்க்கத் தடிப்பாகத்தான் இருக்கும். 2009இல் எரிந்தது எது, எரியாதது எது என்று இன்று யார் பிரித்துச் சொல்வது? அதில் ஒரு துண்டை இன்றும் பாவிக்கும் அம்மா ஒருவர், "அது கனமான சங்கிலி பிள்ளை" என்றார். அந்தக் கனத்தைப் பற்றி அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

மயிலிட்டிக்குத் திரும்புகிறேன். 1990இல் இடம்பெயர்ந்த மக்களுக்கு இந்தத் துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதிதான் திரும்பக் கிடைத்தது. 27 ஆண்டுகள். ஒரு தலைமுறை கடலுக்குப் போகாமலே வளர்ந்துவிட்டது. எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் முருகைக்கல், எங்கே எவ்வளவு கயிறு விடுவது என்பதெல்லாம் தகப்பனோடு படகில் இருந்து பழகும் அறிவு. முகாம்களில் அது எப்படிக் கைமாறும்? கல்லான அடியில் நைலோன் கயிறு உரஞ்சியே அறும். அதனால்தான் நங்கூரத்தோடு முதலில் சங்கிலி, பிறகு கயிறு. 20 அடிப் படகுக்கு 8 மி.மீ. சங்கிலி ஆறு மீற்றராவது வேண்டும். அது எட்டரைக் கிலோ அளவில் வரும். அந்தப் பாரம்தான் நங்கூரத்தைக் கிடையாக இழுக்கவைக்கும். ஆழம் ஐந்து மீற்றர், முன்னணியம் தண்ணீருக்கு மேல் ஒரு மீற்றர் என்றால் ஏழு மடங்கு, அதாவது 42 மீற்றர் விடவேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் படகில் விழும் விசை நான்கு மடங்காகும். மயிலிட்டியில் 42 மீற்றர் விட்டால் நாலு படகைச் சுற்றிக்கொண்டு நிற்கும். இடமில்லை.

இடம் ஏன் இல்லை என்பது துறைமுகத்தைப் பார்த்தாலே விளங்கும். கடற்படையினர் பிடித்த இந்திய றோலர்கள் அங்கேதான் கட்டப்படுகின்றன. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தது, சரியான சட்டம். நம்முடைய வலைகளை அறுத்தவை அந்தப் படகுகள் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் பிடித்த பிறகு? வழக்கு முடியும்வரை பல தொன் நிறையுள்ள கலங்கள், பார்ப்பாரின்றி உக்கிய கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. வாடையில் ஒன்று அவிழ்ந்தால் முதலில் நொறுங்குவது பக்கத்தில் நிற்கும் நம்முடைய பிளாஸ்டிக் படகு. கடலில் எங்கள் வலையை அறுத்த அதே றோலர், கரையில் எங்கள் படகையும் உடைக்கிறது. நட்டத்தை எவரிடம் கேட்பது? திணைக்களம் நீதிமன்றத்தைக் காட்டும், நீதிமன்றத்துக்கு இது தெரியவே தெரியாது.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மயிலிட்டியின் மூன்றாம் கட்ட அபிவிருத்தியைத் தொடக்கிவைத்தார். வரவேற்கிறேன். அதற்குள் சிறிய படகுகளுக்கான நிலையான கட்டுமிடங்கள், அதாவது அடியில் கொங்கிறீற் கட்டை, அதிலிருந்து தடித்த கல்வனைஸ் சங்கிலி, மேலே மிதவை என்பவை வருமா என்பதே என் கேள்வி. பெரிய செலவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு தடவை ஒருவர் சுழியோடி வளையங்களைப் பார்க்க வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும். கட்டடம் திறக்கும் நமது வழக்கத்தில் இந்த இரண்டாவது வேலைக்கு நாடா வெட்டும் விழா கிடையாது.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டதன் பின் இறக்குமதி இரும்புச் சாமான் விலை பழைய நிலைக்கு வரவில்லை. பளபளப்பான சங்கிலியை வாங்குபவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. வாங்கியதைக் கவனிக்கச் சில வழிகள் உண்டு. நங்கூரப் பக்கம் முதலில் தேயும், ஆகவே வருடத்துக்கொரு முறை சங்கிலியைத் தலைகீழாக மாற்றிப் போடலாம். வளையத்தின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் கழித்துவிட வேண்டும். சக்கிள் ஆணியைக் கழராமல் கட்டப் பலரும் மின்வயரின் செப்புக் கம்பியைப் பாவிக்கிறார்கள். செப்பு பக்கத்தில் இருந்தால் நாகம் இன்னும் விரைவாகக் கரையும். கல்வனைஸ் கம்பிதான் வேண்டும்.

இதை ஐயாவிடம் சொன்னபோது தன் சக்கிளைத் திருப்பிப் பார்த்தார். செப்புக் கம்பிதான். ஒன்றும் பேசாமல் குறட்டை எடுத்து அதை வெட்டி எறிந்துவிட்டு, சங்கத்தில் கடிதம் எழுதப் போவதாகவும், கட்டுமிடம் என்பதை எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் எழுதித் தரும்படியும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நான்கு வளையங்களையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பப் போகிறாராம்.