மூக்குக்கு ஏத்த மாஸ்க்!

"உங்க வீட்லயும் மெஷின் வந்தாச்சா?"

எங்கள் அணுபுரத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வாஷிங் மெஷினைப் பற்றிய விசாரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி படுக்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்கிற சிபேப் மெஷினைத்தான் கேட்கிறார்கள். கல்பாக்கத்தில் வருஷக்கணக்காக ஷிஃப்ட் பார்த்தவர்கள், ரிட்டயர்மென்ட்டை நெருங்குகிறவர்கள் என்று ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிற டவுன்ஷிப். குறட்டைக்குப் பஞ்சமா?

ஆனால், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. "தினமும் மாட்டுறாரா?" கேட்டுப் பாருங்கள். "நாலு நாள் மாட்டினார். மூக்கை அழுத்துது, காத்து கண்ணுல அடிக்குதுன்னு கழட்டிட்டார். பீரோ மேல இருக்கு" என்று பதில் வரும்.

பல ஆயிரம் ரூபாய் மெஷின் பீரோ மேல் ஏறுவதற்குப் பல வீடுகளில் காரணம், முகத்தில் உட்காருகிற அந்தச் சின்ன சிலிக்கான் மாஸ்க்தான். அதனால் இந்த வாரம் மாஸ்க் புராணம்!

விளையாட்டு இல்லை

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. குறட்டை சட்டென்று நிற்கும். பத்து விநாடியோ, அதற்கும் மேலோ மூச்சே இருக்காது. பிறகு ஒரு திமிறலோடு மூச்சு திரும்பும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா. மணிக்கு 5 முதல் 15 முறை இப்படி நடந்தால் லேசான பாதிப்பு; 30 முறையைத் தாண்டினால் தீவிரம். தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற நமக்குத்தான் திக்திக்.

ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, இதயம் பதறுகிறது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரை ஆபத்து நீள்கிறது. ராத்திரி தூக்கம் கெட்டவர் பகலில் ஈ.சி.ஆரில் ஸ்டியரிங் பிடித்தபடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் மறைந்தபோது, அவருக்கு இந்தப் பிரச்னையும் நெஞ்சுத் தொற்றும் இருந்ததாக மும்பை மருத்துவர்கள் சொன்னது பலருக்கு நினைவிருக்கும்.

மூக்கில் ஒட்டிய காலம்

1980 வரை தீவிர ஆப்னியாவுக்கு முக்கியமான சிகிச்சை, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவதுதான். அந்த ஆண்டில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாது என்று கண்டுபிடித்தார். 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியானது. அவருக்கும் பெரிய தலைவலி மாஸ்க்தான்! ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்து, ஃபைபர் கிளாஸில் மாஸ்க் செய்து, தினமும் ராத்திரி சிலிக்கான் பசை போட்டு மூக்கில் ஒட்டினார்கள். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும்.

இன்று பசையும் வேண்டாம், அச்சும் வேண்டாம். ஆனால் 'அவரவர் மூக்குக்குத் தனி அளவு' என்ற பாடம் மட்டும் மாறவில்லை.

மூன்று வகை

நேசல் மாஸ்க் மூக்கை மட்டும் மூடும். வாயை மூடித் தூங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

நேசல் பில்லோ என்பது மூக்குத் துவாரங்களில் பொருந்துகிற இரண்டு மெத்தென்ற குமிழ்கள். முகத்தை மூடாததால் மூச்சு முட்டுகிற பயம் உள்ளவர்களுக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கும் வசதி. காற்றழுத்தம் அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குச் சில சமயம் துவாரம் வறண்டு எரியும்.

ஃபுல் ஃபேஸ் மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும். எப்போதும் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும் இது தேவைப்படலாம். ஆனால் பெரிய மாஸ்க் என்றால் கசிவதற்கு இடமும் அதிகம். அதனால் முதலில் மூக்கு மாஸ்க்கை முயன்று பார்க்கச் சொல்வதே இன்றைய மருத்துவ வழக்கம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கடையில் எதையும் கேட்காமல் ஃபுல் ஃபேஸைக் கையில் கொடுத்தார்கள். ஆறு ராத்திரி அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி மூக்கடைப்பைச் சரிசெய்து, நேசல் மாஸ்க்குக்கு மாறிய பிறகுதான் எங்கள் வீட்டில் நிம்மதியான ராத்திரி வந்தது.

கேட்டலாக்கில் இல்லாத கேள்விகள்

ப்ளான்ட்டில் ரெஸ்பிரேட்டர் மாட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா, காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாடி இருந்தால் சீல் நிற்காது என்பது அங்கே பாலபாடம். படுக்கையறையிலும் அதே கணக்குதான். கார்த்திகையில் மாலை போட்டு தாடி வளர்க்கும் சாமிமார்களுக்கு, அதுவரை ஒழுங்காக இருந்த மாஸ்க் திடீரென்று 'புஸ்ஸ்' என்று கசியத் தொடங்கினால் காரணம் மெஷினில் இல்லை. தாடி உள்ளவர்களுக்கு பில்லோ வகை ஒத்துவரும்.

பெண்களுக்கும் இந்தப் பிரச்னை உண்டு, முக்கியமாக மெனோபாஸுக்குப் பிறகு. மூக்குத்தி போட்டவர்கள் கவனியுங்கள். மாஸ்க்கின் விளிம்பு மூக்குத்தி மேல் ஏறினால் கசியும். பில்லோ வைத்தால் உள்பக்கத் திருகு குத்தும். ராத்திரி கழற்ற முடியுமா, முடியாதென்றால் எந்த மாஸ்க் அதைத் தொடாமல் உட்காரும் என்று வாங்கும்போதே பாருங்கள். கொண்டை போட்டுத் தூங்கினால் தலைப்பட்டை நழுவும். தளர்வான பின்னல் நல்லது.

பல் செட் போடுகிறவர்கள், ராத்திரி கழற்றிவிட்டுத் தூங்குவதானால் கழற்றிய நிலையிலேயே மாஸ்க்கைப் பொருத்திப் பாருங்கள். கன்னம் உள்ளே போவதால் அளவு மாறிவிடும். அப்புறம் எண்ணெய்! தலைக்குத் தேங்காய் எண்ணெய், மூக்குக்குத் தைலம், முகத்துக்கு கிரீம் என்று எல்லாம் பூசிக்கொண்டு மாட்டினால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரமே கெட்டுப்போகும். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். குஷனை தினமும் காலையில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை படிந்த குஷனை அப்படியே விட்டால், தோல் தடிக்கும்.

படுத்துப் பார்த்து வாங்குங்கள்

புடவையைத் தோளில் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? மாஸ்க்கும் அப்படித்தான். உட்கார்ந்து மாட்டிப் பார்த்தால் போதாது. மெஷினை ஓடவிட்டு, உங்களுக்கு டாக்டர் எழுதிய அழுத்தத்தில், மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்துப் பாருங்கள். பயன்படுத்திய மாஸ்க்கைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார் என்பதால், வேறு அளவு குஷன் மாற்றித் தருவாரா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அணுசக்தித் துறைக் குடும்பங்கள் டாக்டர் சீட்டோடு சி.எச்.எஸ்.எஸ்.ஸில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். மாஸ்க், மாற்றுக் குஷன் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கசிகிறது என்று பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற முதல் காரியம். அது மூக்குத்தண்டில் புண்ணாக்கும். குஷன் நசுங்கி இன்னும் கசியும். பட்டையைத் தளர்த்திவிட்டு, படுத்து, காற்று ஓடும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள். குஷன் காற்றால் உப்பித் தானாக உட்காரும். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். அப்படியும் நிற்கவில்லையென்றால் அளவோ வகையோ தவறு.

பயம் தெளிய மூன்று விஷயங்கள்

'கரண்ட் போனா மூச்சு அடைச்சிடுமா?' அடைக்காது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் திறந்து மூச்சு வரும். ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் காற்று நின்றதும் வெளிக்காற்றுக்குத் திறக்கிற சின்ன வால்வு இருக்கும். அழுக்கில் அது ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாஸ்க்கின் முன்பக்கத்துப் பொடித் துளைகள், நாம் விடுகிற மூச்சு வெளியேறுவதற்கானவை. 'காத்து வருதே' என்று பிளாஸ்டர் ஒட்டிவிடாதீர்கள். ஐ.சி.யூ.வில் பயன்படுத்துகிற துளையில்லாத மாஸ்க்கை வீட்டு மெஷினில் மாட்டவே கூடாது.

சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் இருக்கும். 2022-ல் பிலிப்ஸும் 2023-ல் ரெஸ்மெட்டும் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டன. பேஸ்மேக்கர் போன்ற கருவி உள்ளவர்களிடமிருந்து காந்தம் 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மாஸ்க் கணவருக்கு, பேஸ்மேக்கர் மனைவிக்கு என்றாலும் இது பொருந்தும். காந்தமில்லாத கிளிப் உள்ள மாஸ்க்குகள் கிடைக்கின்றன; கேட்டு வாங்குங்கள்.

முதல் இரண்டு வாரம்

மாலையில் டி.வி. பார்க்கும்போது வெறும் மாஸ்க்கை, குழாய் இல்லாமல் கால் மணி நேரம் மாட்டிக்கொள்ளட்டும். இரண்டு நாள் கழித்துக் காற்றோடு. முகம் பழகிவிட்டால் படுக்கையில் பாதி சண்டை முடிந்தது. ராத்திரிக்குக் குறைந்தது 4 மணி நேரம் என்பது டாக்டர்கள் பார்க்கிற ஆரம்பக் கணக்கு. தூங்கும் நேரம் முழுக்க மாட்டுவதுதான் இலக்கு. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கினாலும், மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டாலும் மாஸ்க் வேண்டும்.

எத்தனை மணி நேரம் மாட்டினார், எவ்வளவு கசிந்தது என்பதை இப்போதைய மெஷின்கள் பதிவு செய்துவிடுகின்றன. ஒத்துவரவில்லை என்றால் அந்த கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரு மாஸ்க் தோற்றால், சிகிச்சையே தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை.

உங்கள் வீட்டு பீரோ மேலும் ஒரு பை இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். மெஷினை அப்புறம் பார்க்கலாம். முதலில் மாஸ்க்கை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.