பல்லைப் பார்த்து வாங்குங்கள்
வினாயகபுரத்துக் கடற்காற்று கண்ணாடிக்குப் பகை. அலுமாரியில் கிடந்த பழைய லென்ஸை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பியிருந்தால், அதற்கேற்ற பிலிம் கமராவைத் தேடலாம். எம்42 திருகு லென்ஸுக்குப் பென்டக்ஸ் ஸ்பொட்மற்றிக் நேரே பொருந்தும். இணைப்பு வளையம் போட்டால் 1976இல் வந்த கே1000உம் போதும். அதே திருகு லென்ஸை நிக்கோனில் மாட்டினால், லென்ஸ் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளி நின்று, தூரக் காட்சி தெளியாது. 1977க்கு முந்திய, மாற்றியமைக்காத நிக்கோன் லென்ஸை அதே நிறுவனத்தின் எஃப்எம் கமரா ஏற்கும். அதைவிடப் புகழ்பெற்ற எஃப்எம்2 ஏற்காது. இந்த நான்கிலும் பற்றரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். கமராவை மட்டும் ஏன் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்?