விதையும் வெங்காயமும்: இரு படிப்பாளிகளின் இரு எதிரிகள்

முதலாளித்துவம் வளர்த்த கல்வியும் அச்சும் பேச்சுரிமையும் அதையே தாக்கும் ஒரு படிப்பாளிக் கூட்டத்தை உருவாக்கிவிடுகின்றன என்றும், படிப்புக்கேற்ற வேலை கிடைக்காதோரின் மனக்குறை அந்தத் தாக்குதலைத் தூண்டுகிறது என்றும் பொருளியலாளர் ஜோசப் சூம்பீட்டர் 1942-இல் எழுதினார். மேலைநாடுகளை மனத்தில் கொண்ட இந்த விளக்கம், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் தடுமாறிப்போகிறது.

அம்மாவட்டத்தில் இயங்கும் அமிர்த பூமி என்னும் உழவர் மையத்துக்கு வித்திட்ட எம்.டி. நஞ்சுண்டசாமி வேலை கிடைக்காத பட்டதாரி அல்லர். அவர் சட்டப் பேராசிரியர், ராம் மனோகர் லோகியாவின் சோஷலிச வழியில் வந்தவர், 1980-இல் உருவான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்னும் உழவர் அமைப்பின் தலைவர். விதையின் மீதும் தனியுரிமை கோர வழிதிறந்த உலக வணிக ஒப்பந்த முன்வரைவான டங்கல் வரைவு 1991-இல் வெளிவந்தபோது, பன்னாட்டு நிறுவனமே உழவரின் எதிரி என்று அவர் முடிவுகட்டினார். 1992 டிசம்பரில் சங்கத்தார் பெங்களூரின் கார்கில் விதை நிறுவன அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை வாரி வெளியே போட்டுக் கொளுத்தினர்.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் உழவர் தலைவர் சரத் ஜோஷி அந்த வரைவை வரவேற்றார். பெர்ன் நகரில் உலக அஞ்சல் ஒன்றியத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டுப் புனே அருகே சாக்கன் வட்டாரத்தில் நிலம் வாங்கி உழவரான அவர், வெங்காயத்துக்கு நல்ல விலை வரும் நேரத்தில் ஏற்றுமதியைத் தடுத்து நகரத்தாரின் சமையலறையைக் குளிரவைக்கும் அரசையே சுரண்டலின் மூலமாகக் கண்டார். சந்தையைத் திறந்தால் போதும், மானியமே வேண்டாம் என்ற அளவுக்கு அவர் சென்றது மிகைதான்.

இருவரும் படித்தவர்கள், இருவரும் கட்டுப்படியாகும் விலை கேட்டவர்கள் என்பதால், மனக்குறையைக் கொண்டோ நூலறிவைக் கொண்டோ இந்தப் பிளவை விளக்க முடியாது. உழவரின் வரவில் கை வைப்பது யார் என்ற கேள்விக்கு இருவருக்கும் கிடைத்த விடைகள் வேறு; கோவையின் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவுக்கு அது மின்கட்டணத்தை உயர்த்திய அரசாக இருந்தது, அவருக்குச் சித்தாந்தப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

நஞ்சுண்டசாமியின் சங்கத்தார் கோப்புகளை எரித்தது பின்னாளில் வந்த மரபணு மாற்றிய பருத்தி விதையைத் தடுக்கவில்லை. 2002-இல் அனுமதி கிடைத்ததும் கர்நாடக உழவர்களே அதை விதைத்தனர். ஆனால் விதை குறித்த அச்சம் வீண்போகவில்லை. 2001-ஆம் ஆண்டின் தாவர இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு பெற்ற இரகமானாலும் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும், நிறுவன முத்திரையின்றி விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது.