காசு கட்டினால் பங்காளி ஆகிவிடுமா?

மூன்று மாதம் இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியதும், பீச்சில் நடைப்பயிற்சி நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேரன் மீன்பிடிக்க ஏரி தேடி அலைந்ததையும், நானும் கூடப் போனதையும் சொன்னேன். "என்ன மெஸ்ஸியே, வருஷத்துக்கு ஐந்நூறு பவுண்டு கட்டி மீனைப் பிடிச்சு, மறுபடி தண்ணியிலேயே விடுவானா? கொழுத்தவன் பைத்தியம். நம்ம ஊர்லே ஏரி எல்லாருக்கும் பொது!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் முள்ளாகத் தைத்தது. அதற்குத்தான் இந்தப் பதில்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பல, பிரெக்சிட்டுக்கு முன்பே கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது தெரிந்த கதை. என் மகனுக்கு மருமகள் வழியில் அந்த வாய்ப்பு. அங்கே வளர்ந்த பேரனுக்கு வயது 19. சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு உயிர் கார்ப் மீன், அதாவது பெருங்கெண்டை. 1952இல் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, நம் கணக்கில் 20 கிலோ, எடையுள்ள கார்ப்பைப் பிடித்தார். அதை அவர்கள் குழம்பு வைக்கவில்லை. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் வைத்துக் காப்பாற்றினார்கள். 1971 வரை உயிரோடு இருந்தது. அன்று தொடங்கிய மோகம் இன்னும் தீரவில்லை.

இந்த மீனுக்காகவே சிண்டிகேட் ஏரிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டி ஓர் ஏரியைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வார்கள். அரசாங்கத்தின் தூண்டில் உரிமம் இது போக தனி.

முதலில் பார்த்த ஏரி எட்டு ஏக்கர். வாசலிலேயே 45 பவுண்டு மீனின் படம். பேரன் கண் அங்கேயே நின்றுவிட்டது. நான் குமாஸ்தா, என் கண் வேறு இடத்துக்குத்தான் போகும். "மொத்தம் எத்தனை உறுப்பினர்?" என்று கேட்கச் சொன்னேன். "சொல்லப்போனால் எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை" என்றார் உரிமையாளர். கேட்ட கேள்விக்கு எண் வரவில்லை என்றால் எண் சரியில்லை என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் நான் கற்றது அது. கடைசியில் 120 என்று வந்தது. கரை உடைந்தால் யார் பார்ப்பது? "நான் பார்த்துக்கொள்வேன், நீங்கள் பணம் கட்டினால் போதும்."

இரண்டாவது ஏரி ஆறு ஏக்கர், 24 பேர். பெரிய மீன் 30 பவுண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அங்கிருந்த பெரியவர் எங்களைச் சுற்றி நடத்திக் காட்டினார். நீர்நாய் வராமல் வேலி, மீனைக் கிடத்தி முள் எடுக்க மெத்தை, தூண்டில் குத்திய இடத்தில் தடவ மருந்து. வேறு குளத்தில் நனைந்த வலையைக் காயவைக்காமல் கொண்டுவந்தால் உறுப்பினர் பதவி போகும். கார்ப்பைக் கொல்லும் ஹெர்ப்பிஸ் வைரஸ் நோய் அப்படித்தான் குளம் விட்டுக் குளம் பரவுமாம். வரவு செலவுக் கணக்கு எல்லா உறுப்பினருக்கும் போகிறது. பிறகு அவர் பேரனிடம் ஒரே கேள்வி கேட்டார்: "வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடிக்க வருவாயா?" காத்திருக்க வேண்டிய காலம் இரண்டு வருஷம்.

திரும்பும்போது காரில் சண்டை. "தாத்தா, எனக்குப் பெரிய மீன் வேணும், மண்வெட்டி இல்லே" என்றான். "120 பேர் மாற்றி மாற்றிப் பிடித்து உதடு கிழிந்த மீன் உனக்கு என்னடா பெருமை?" என்றேன். முதல் இடத்தில் விற்பது டிக்கெட். இரண்டாவது இடத்தில்தான் கூட்டு இருக்கிறது. கூட்டு என்றால் உரிமையோடு வேலையும் பங்காக வரவேண்டும். பெரிய மீனைப் பார்த்து ஏரியைத் தேர்வு செய்கிறவன், பந்தலைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவன்.

லிசேயில் படித்த எனக்கு அந்த வார்த்தையே வேறு நினைவைக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் ஏரிகளுக்குச் 'சேந்திக்கா அக்ரிகோல்' இருந்தது. பல ஊருக்குப் பாயும் பெரிய ஏரிக்குக் 'கெஸ் கொம்யூன்'. பாகூர்ப் பக்கம் என் தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை. ஆயக்கட்டுக்காரர்கள் பணம் போட்டு, கூடிப் பேசி, மதகையும் கரையையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டார்கள். குறை உண்டு, நிலமில்லாதவனுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்திலும் சந்தா கட்ட முடியாதவன் வேலிக்கு வெளியேதான் நிற்கிறான். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் குறையைத் திருத்துவதற்குப் பதில் நாம் என்ன செய்தோம்? சங்கங்கள் தேய்ந்தன, பொறுப்பு கோப்புக்குள் போனது.

அந்தக் கோப்பு ஒன்று என் மேசைக்கும் வந்தது. ஒரு குளத்தின் மீன்பாசிக் குத்தகை. ஏலத்தொகை, முன்பணம், கெடு தேதி எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்பினேன். குத்தகை முடியும் நேரத்தில் ஏலம் எடுத்தவர் மதகைத் திறந்து தண்ணீரை வடித்து மீனை வாரினார். ஒரு விவசாயி மனுவோடு வந்து நின்றார். "ஐயா, இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சா கதிர் முத்திடும்" என்றார். மனுவில் ஸ்டாம்பு ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரி. அவர் ஸ்டாம்பு வாங்கி ஒட்டிக்கொண்டு மறுநாள் வந்தபோது குளத்தில் சேறுதான் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே, 'ஏரி எல்லாருக்கும் பொது' என்று சொல்லும் நண்பரே, அன்று அந்தக் குளமும் பொதுவாகத்தான் இருந்தது. மதகில் கை வைத்தவனைத் தடுக்க மட்டும் ஒருவருக்கும் பொறுப்பில்லை. பொது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதைவிட, 24 பேர் மண்வெட்டி பிடிப்பது மேல். அந்த 24 பேரை ஊராக்கி, நிலம் உள்ளவன், இல்லாதவன், மீன் பிடிக்கிறவன் எல்லோரையும் உட்காரவைப்பது அதைவிட மேல்.

பேரன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு, பிறகு இரண்டாவது ஏரிக்குப் பெயர் கொடுத்தான். அதுவரை உள்ளூர்ச் சங்கத்துக் குளத்தில் நாள் டிக்கெட் வாங்கிப் பிடிக்கிறான். போன ஞாயிறு மண்வெட்டி வேலைக்குக் கூப்பிடாமலே போயிருக்கிறான். போட்டோ அனுப்பினான், முழங்கால்வரை சேறு.

நாளைக் காலை பீச்சில் நண்பரைப் பார்ப்பேன். மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஏரியின் மதகுச் சாவி யாரிடம்? இந்த வருஷக் குத்தகைப் பணம் எங்கே போனது? கடைசியாக எப்போது அந்தக் கரையில் நடந்தீர்கள்?